வேக்காட்டு அக்கா

எங்கள் ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேக்காட்டு அக்கா என்றுதான் சொல்வோம். புதிதாக வந்த காவலாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, கேன்டீன் சமையல்காரி போலிருக்கிறது என்று முடிவுகட்டி, அவரைப் பின்வாசல் வழியாக அனுப்ப ஆரம்பித்தார். அக்காவும் ஒன்றும் சொல்லாமல் பின்வாசல் வழியாகவே வந்து போனார். ஏன்க்கா என்று கேட்டதற்கு, "அந்தப் பக்கம் வெயில் கம்மி" என்றார். அவருடைய ரோஷம் அவ்வளவுதான்.

அவர் வேக்காடு பார்த்தது கல்லுக்கு. இதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் பிடிபடாது. எண்ணெய் பூமிக்குள் தானாக ஊறி நிற்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் சேற்றோடு புதைந்த பாசியும் இலையும் கட்டையும் கல்லோடு கல்லாகி, அந்தக் கல் ஆழத்துக்கு இறங்கி, சூட்டில் வெந்த பிறகுதான் எண்ணெய் கசியும். சூடு போதாவிட்டால் கல் பச்சையாகவே கிடக்கும். சூடு மிஞ்சிவிட்டால் எல்லாம் கருகி, இருந்ததும் வாயுவாகி எப்போதோ போயிருக்கும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. பச்சையா, பதமா, கருகலா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அக்காவின் வேலை. அந்தப் பதிலை நம்பித்தான் அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்று மேலிடத்தில் முடிவு செய்வார்கள்.

கல்லுக்குள் மாட்டிக்கொண்ட பழைய மரத்துணுக்குகள் சூடு ஏற ஏறப் பளபளக்கும். அக்கா மைக்ரோஸ்கோப்பில் அவற்றின் மேல் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு துணுக்காக அளப்பார். நூற்றில் அரைப் பங்கு கூடத் திரும்பாவிட்டால் பச்சை. அரையிலிருந்து ஒன்றேகால் வரை பதம். இரண்டைத் தாண்டினால் கருகல்தான், பேச்சே இல்லை.

நான் கல் தேய்க்கிறவள். கிணறு துளைக்கும்போது சேற்றோடு மேலே வரும் கல்துணுக்குகளைக் கழுவி, காயவைத்து, பிசினில் கெட்டியாக்கி, பெரிய பொத்தான் மாதிரி வில்லையாக்கி, கண்ணாடிபோலத் தேய்த்துக் கொடுப்பேன். அக்காவின் மேசை எனக்கு எதிரில். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் வாய் மூடாது, அவர் வாய் திறக்காது. நல்ல ஜோடி சேர்த்துவிட்டேன் என்று மேலாளர் பெருமை அடித்துக்கொள்வார், ஏதோ அவர்தான் பெண் பார்த்து முடித்து வைத்த மாதிரி.

ஒரு வில்லையில் இருக்கும் துணுக்கெல்லாம் அந்த ஆழத்துக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. சில, வேறெங்கோ வெந்து, பழைய ஆற்றோடு உருண்டு வந்து சேர்ந்தவை. அவை பளிச்சென்று இருக்கும். சில, துளைக்கும்போது மேல்சுவரிலிருந்து பெயர்ந்து கீழே விழுந்து கலந்தவை. அவை மங்கலாக இருக்கும். இந்த இரண்டு வகையையும் நாங்கள் விருந்தாளி என்போம். அந்தக் கல்லிலேயே பிறந்து வெந்தது வீட்டுக்காரர். வீட்டுக்காரரை மட்டும்தான் அளக்க வேண்டும். எது யார் என்று சொல்ல மிஷின் கிடையாது. கண் பார்த்துச் சொல்வதுதான்.

அதனால் எங்களிடம் ஒரு விதி இருந்தது. வில்லையில் எந்தக் கிணறு, என்ன ஆழம் என்று எழுதக் கூடாது. வெறும் எண்தான் ஒட்டுவேன். எந்த எண் எந்தக் கிணறு என்ற பட்டியலை மேலாளரிடம் கொடுத்துவிடுவேன், அக்காவின் கண்ணில் அது படாது. அந்த விதியைக் கேட்டு வாங்கியதே அக்காதான். "தெரிஞ்சுக்கிட்டு பாத்தா, பாக்கறதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சிட்ட மாதிரி ஆயிடும்" என்பார். அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அக்காவுக்கு இருந்த ஒரே சொந்தம் அவருடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை, அக்காவுக்குப் பதினாறோ பதினேழோ. அப்பா இருந்தார் என்பதற்கு ஆணியில் தொங்கிய சட்டை ஒன்றுதான் சாட்சி. பிள்ளையை அக்காதான் ஆளாக்கினார். வரன் வந்தபோது தம்பி படிப்பு முடியட்டும் என்றார். படிப்பு முடிந்ததும் அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்றார். வேலை கிடைத்தபோது அக்காவை யாரும் கேட்டு வரவில்லை. அவரும் அதை ஒரு குறையாகச் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் அவருக்காக எரிச்சல் எரிச்சலாக வரும்.

தம்பி எங்கள் நிறுவனத்திலேயே நிலவியலாளராகச் சேர்ந்தான். எங்கே கிணறு தோண்டலாம் என்று சொல்கிற வேலை. நல்லவன், கெட்டிக்காரன், ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி. அவனுக்குக் கல்யாணமும் ஆனது. அந்தப் பெண் ரொம்ப நியாயமானவள். "உங்களுக்கு உங்க அக்காவும் அந்தப் பள்ளத்தாக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு, சண்டை சச்சரவு இல்லாமல் போய்விட்டாள்.

பள்ளத்தாக்கு என்று அவள் சொன்னது தம்பியின் மேப்பில் இருந்த ஓர் இடம். அந்த மேப் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தொங்கியது. எத்தனையோ கிணறுகளில் எடுத்த கல்லுக்கு அக்கா சொன்ன அளவுகளை எல்லாம் புள்ளி புள்ளியாக வைத்து, பச்சைக்குப் பச்சை, பதத்துக்கு மஞ்சள், கருகலுக்குக் கருப்பு என்று நிறம் தீட்டி வைத்திருந்தான். பூமிக்குள் எங்கே எது எவ்வளவு வெந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். அவனுடைய பதினெட்டு வருட உழைப்பு அது. அக்காவின் கண்ணும் அவன் கையும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று நான் கேலி செய்வேன். சாப்பிட உட்கார்ந்தால் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்கள். இங்கே மஞ்சள் வர வேண்டும், அங்கே மஞ்சள் வந்தால் பிரமாதம் என்று அவன் கையைக்கூடக் கழுவாமல் சொல்லிக்கொண்டே இருப்பான்.

பள்ளத்தாக்கின் புள்ளி மட்டும் ஊகம். அங்கே யாரும் கிணறு போட்டதில்லை. அது மஞ்சள்தான் என்று தம்பி வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தினான். போட்ட கிணறெல்லாம் வறண்டு, நிறுவனம் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். இதிலும் ஒன்றும் இல்லாவிட்டால் எங்கள் பிரிவையே இழுத்து மூடிவிடுவோம் என்ற வார்த்தையோடுதான் ஒத்துக்கொண்டார்கள்.

கிணறு இறங்க இறங்கக் கல்துணுக்குகள் என்னிடம் வந்தன. வில்லையாக்கி, மற்ற கிணற்று வில்லைகளோடு கலந்து, எண் ஒட்டி, அக்காவிடம் கொடுத்தேன். அந்த வாரம் அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்தார் என்பதைத் தவிர வித்தியாசமாக எதையும் நான் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு மேலாளரிடம் அளவுகளைச் சொன்னார். மேலாளர் எண்களைச் சரிபார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"அக்கா, பள்ளத்தாக்குக் கல்லு பதத்துல இருக்கு. முக்காலுக்கு மேல!"

அக்கா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். எதிர்மேசையில் இருந்த இத்தனை வருடத்தில் அவருக்குக் கடைவாய்ப்பல் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேலாளரின் அந்தச் சந்தோஷத்தில் மண் போட்டது பக்கத்து அறை அடுப்பு. கல்லைத் தூளாக்கி அதில் வைத்துச் சூடேற்றினால், இன்னும் எவ்வளவு எண்ணெய் தரும் என்று சொல்லும். பள்ளத்தாக்குக் கல் கிட்டத்தட்ட ஒன்றுமே தரவில்லை. கிணற்றிலும் எண்ணெய் தட்டுப்படவில்லை. கூட்டம் போட்டார்கள். கல் கருகியிருந்தால் அடுப்பு இப்படித்தான் சொல்லும் என்றார் ஒருவர். தம்பி விடவில்லை. கல் நன்றாக வெந்து, எண்ணெய் முழுக்கக் கசிந்து, பள்ளத்தாக்கின் தலைமாட்டு மேட்டுக்கு ஏறிப்போய் அங்கே தங்கியிருக்கிறது, அதனால்தான் கல்லில் மிச்சம் இல்லை, தலைமாட்டில் இரண்டாவது கிணறு போடுங்கள் என்றான். இரண்டு பேச்சும் நியாயமாகத்தான் இருந்தன. மேலாளர் தீர்ப்புச் சொன்னார்:

"அடுப்பு நேத்து வந்தது. அக்கா முப்பது வருஷமா பாக்கறாங்க. நான் அக்கா பக்கம்."

இரண்டாவது கிணறு அப்படித்தான் முடிவானது.

துளைக்கும் இயந்திரம் அந்த இடத்துக்குக் கிளம்பிப்போன வாரம், ஒரு மத்தியானம். நான் சாப்பிட்டுவிட்டு வந்து தேய்க்கிற தூளைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பழைய வில்லை ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இதக் கொஞ்சம் பாரு."

அவருடைய மைக்ரோஸ்கோப்பில் என்னைக் கண் வைக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எனக்கு என்னக்கா தெரியும்? நான் தேய்க்கிறவ."

"தெரியாதவதான் இப்ப வேணும். சாம்பல் கலர்ல ஒண்ணு, வெள்ளையா ஒண்ணு, ரெண்டு வகை தெரியுதா?"

"தெரியுது."

"எது ஜாஸ்தி?"

"வெள்ளைதான். சாம்பல் அங்கொண்ணு இங்கொண்ணு கெடக்கு."

"வெள்ளையோட ஓரம் எப்படி இருக்கு? தேஞ்சு உருண்டையா இருக்கா?"

"இல்லக்கா. கூராத்தான் இருக்கு."

அக்கா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். ஆற்றோடு உருண்டு வந்த விருந்தாளிக்கு ஓரம் தேய்ந்திருக்கும். கூரான ஓரம் என்றால் அது அங்கேயே விழுந்து, அங்கேயே புதைந்து, அங்கேயே வெந்தது. பள்ளத்தாக்குக் கிணற்றின் இந்த வில்லையில், சூடு மிஞ்சிப் பளபளத்த அந்த வெள்ளையை எல்லாம் அக்கா ஆற்றோடு வந்தது என்று தள்ளிவிட்டு, மேலிருந்து பெயர்ந்து விழுந்த நாலு சாம்பலைத் தேடித் தேடி அளந்திருக்கிறார்.

"வீட்டுக்காரங்கள வெளிய தள்ளிட்டு விருந்தாளிய உள்ள உக்கார வச்சிட்டேண்டி."

"எல்லாருக்கும் வர்ற தப்புதானேக்கா."

"இல்ல. அது அவன் கிணறுன்னு எனக்குத் தெரியும்."

எண்தானே ஒட்டியிருந்தேன் என்றேன். அக்கா சொன்னார்: அந்தக் கிணற்றில் சேறு பாறை வெடிப்புக்குள் வடிந்துபோனதால், அடைப்பதற்குக் கொட்டை ஓடுகளை உடைத்துப் போட்டார்களாம். தம்பி வீட்டில் புலம்பியிருக்கிறான். நான் எவ்வளவு கழுவியும் ஒன்றிரண்டு ஓட்டுச் சில்லு வில்லையில் தங்கிவிட்டிருக்கிறது. பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லி? வேற யாரு பாக்கறது?" அது உண்மைதான். அவரோடு வேலை பார்த்த இன்னொருவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. "அதுவும் இல்லாம, ஓடு இல்லன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். முக்கால்வாசி வில்லை எந்த எடத்துக் கல்லுன்னு எனக்குத் தெரியும். இத்தன வருஷமா பாக்கறேன், கல்லுக்கு முகம் கெடையாதா? எண் ஒட்டினா முகம் மாறிடுமா? தெரிஞ்சாலும் என் கண்ணு நேராத்தான் பாக்கும்னு நெனச்சுட்டேன். நெஜமா சொல்றேன், அன்னிக்குப் பாக்கறப்ப அந்த வெள்ளையெல்லாம் எனக்கு உருண்டையாத்தான் தெரிஞ்சுது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையெல்லாம் தேய்ப்புச் சேறு, அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என்னையும் வீட்டுக்குக் கூட்டிப் போனார். தனியாகச் சொல்லத் தைரியமில்லை என்று நினைக்கிறேன். தம்பி கிணற்றடிக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பாப் பாத்துட்டேண்டா. ரெண்டுக்கு மேல இருக்கு. கருகல். இயந்திரத்த நிறுத்தச் சொல்லு."

அவன் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டான். "இப்ப பாத்தப்ப அது யாரு கிணறுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப இந்த அளவு செல்லாது. இந்த விதி யாரு போட்டது?"

"முதல்ல பாத்தப்பவும் தெரியும்டா. முக்கால்வாசி கல்லு எனக்குத் தெரியும்."

அவன் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு சிரித்தான். "அக்கா, நீ அடுப்பு சொன்னதக் கேட்டு பயந்துட்ட. முதல்ல பாத்தப்ப பயம் கெடையாது, அதான் சரியா வந்துச்சு. இப்ப பயத்தோட பாக்கற, வெள்ளை வெள்ளையா தெரியுது. சாப்பிட்டுத் தூங்கு."

எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் பேச்சில் ஓட்டை எங்கே என்று தேடினால் அகப்படவும் இல்லை. மறுநாள் மேலாளரும் அதையேதான் சுற்றி வளைத்துச் சொன்னார். "ரெண்டு அளவும் உங்களோடதுதான். நான் எதை நம்பட்டும்? வெளியூருக்கு அனுப்பிப் பாக்கலாம்னா பதில் வர்றதுக்குள்ள பாதிக் கிணறு எறங்கிடும். இயந்திரம் போய்ச் சேந்தாச்சு அக்கா." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கா மேல் வைத்த நம்பிக்கையை அவ்வளவு சீக்கிரம் அவராலும் கழற்ற முடியவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் காத்திருந்தோம். அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா வேலைக்கு வந்தார், போனார். மைக்ரோஸ்கோப்பில் ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு இது யார், இது யார் என்று முணுமுணுப்பார். முன்பெல்லாம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறவர். சில நாள் மாலை வரை ஒரே வில்லையோடு உட்கார்ந்திருப்பார். நான் கல்லைத் தேய்த்துக்கொண்டு, பேச்சு வராமல், எனக்கே நான் வேற்றாளாக இருந்தேன்.

இரண்டாவது கிணறும் வறண்டது. சொட்டு எண்ணெய் இல்லை. இந்தத் தடவை மேல்பகுதியில் இரும்புக் குழாய் இறக்கி அடைத்துவிட்டுத்தான் துளைத்திருந்தார்கள், அதனால் மேலிருந்து எதுவும் விழுந்து கலக்கவில்லை. வில்லை முழுக்க வெள்ளை. நானே பார்த்துச் சொல்லியிருப்பேன். அக்கா அளந்துவிட்டு, "கருகல்" என்ற ஒற்றை வார்த்தையோடு விளக்கை அணைத்தார். ஒரு மாதத்துக்குள் பிரிவை மூடும் உத்தரவு வந்தது. மேலாளருக்கு வேறு ஊர், எனக்கு வீடு, அக்காவுக்கும் வீடு. தம்பிக்கு மட்டும் கடல்தாண்டி ஒரு நிறுவனம் ஆள் அனுப்பியது. அவர்களுக்கு வேண்டியது அவனும் அவனுடைய மேப்பும். இதே கல் கடலுக்கடியில் அவர்கள் எல்லைக்குள்ளும் நீள்கிறது, உன் மேப்பை அங்கேயும் நீட்டி எங்கே துளைக்கலாம் என்று நீ வந்து சொல் என்றார்கள்.

அக்கா ஆய்வகத்தில் விட்டுப்போன நாற்காலி மெத்தையையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் கொடுப்பதற்காக ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி கிணற்றடியிலிருந்து வந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். மேப்புக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். அக்கா சுவரோரம் நின்றார். ஏதோ பேச்சு பாதியில் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அக்கா இரு என்று கை காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றான் தம்பி. "மொத தடவ பாத்தப்ப, வெள்ளைதான் வீட்டுக்காரன்னு உனக்குத் தெரிஞ்சுதா? தெரிஞ்சுக்கிட்டே எனக்காகப் பொய் சொன்னியா? இல்ல, உன் கண்ணுக்கே அப்படித்தான் பட்டுதா?"

"எதுவா இருந்தா என்னடா இப்ப? கிணறு போச்சு."

"கிணறு போகட்டும். இது?" மேப்பைக் காட்டினான். "இதுல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் நீ சொன்னது. பொய் சொன்னவளுக்கு எங்க பொய் சொன்னோம்னு தெரியும். ஒரு எடத்துலதான்னு நீ சொன்னா, அத மட்டும் அழிச்சிடுவேன், மிச்சம் நிக்கும். ஆனா கண்ணே ஏமாந்திருந்தா? முக்கால்வாசி கல்லு தெரியும்னு நீதான சொன்ன? எங்கெங்க மஞ்சள் வரணும்னு எனக்கு ஆசைன்னு தினமும் சாப்பாட்டுல உக்காந்து நான் பாட்டுக்கு உளறிட்டிருந்தேனே. எத்தன எடத்துல உன் கண்ணு எனக்காக வளைஞ்சுதுன்னு உனக்கே தெரியாதுல்ல? அப்ப இதுல எதுதான் நெஜம்?"

அக்கா மேப்பைப் பார்த்தார்.

"கண்ணுதான் ஏமாந்துதுன்னா, நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். இதக் கிழிச்சுப் போட்டுடுவேன். தெரிஞ்சுக்கிட்டே இதக் காட்டி இன்னொருத்தன துளைக்கச் சொல்ல என்னால முடியாது." மேப்பின் மேல் உள்ளங்கையை வைத்தான். "ஆனா எனக்கு வேற எதுவும் தெரியாதேக்கா. இத விட்டா நான் யாரு?"

அவன் அக்காவிடம் பொய்யைத்தான் கேட்டுக்கொண்டு நின்றான். அதுதான் உண்மையாக இருக்க வேண்டும் என்று குழந்தைபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொய்தான்டா சொன்னேன்" என்றார் அக்கா.

"நெஜமா?"

"பாத்ததுமே தெரிஞ்சுது, கருகல்னு. நீ இத்தன வருஷம் அலைஞ்சத நெனச்சு மாத்திச் சொன்னேன். ஒரு தடவதான். மத்ததெல்லாம் சுத்தம். ஒண்ணுகூட மாத்தல."

அந்த மத்தியானம் அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ உள்ள போய் டீ போடு."

போனேன். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு அதையே வெறித்துக்கொண்டு நின்றேன். கூடத்திலிருந்து தம்பியின் குரல் வந்தது. நிம்மதியா கோபமா என்று பிரிக்க முடியாத குரல்.

"நான் உன்னக் கேட்டேனா? எனக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டேனா?"

"கேக்கல."

"அந்தப் பொட்டல்ல ஆறு மாசம், அத்தன பேரு, கையெல்லாம் புண்ணா... எல்லாம் உனக்குத் தெரிஞ்சே. நீ வந்து நிறுத்தச் சொன்னப்பகூட, தப்பாப் பாத்துட்டேன்னுதான சொன்ன? அதுவும் நடிப்பா?"

"ஆமாண்டா."

நான் டீயோடு வந்தபோது அவன் மேப்பைச் சுவரிலிருந்து கழற்றி, சுருட்டி, கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கிழிந்துவிடாதபடி ஓரத்தை மெதுவாக, மெதுவாக. அக்காவை அவன் பார்க்கவில்லை. டீயைக் குடிக்கவும் இல்லை. அடுத்த வாரம் புறப்பட்டுப் போனான். வாசலில் நின்ற அக்காவிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்கா சொல்லவில்லை.

மேப்பைக் கழற்றிய அன்றே, அவன் வெளியே கிளம்பித் தெருமுனை திரும்பியதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குப் பைத்தியமா, நீங்கள் வளர்த்த பிள்ளை, உங்களைக் கேவலமாக நினைத்துக்கொண்டு போகிறானே என்று திட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேப் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"எந்தக் கண்ணு நேரா இருந்துச்சு, எது வளைஞ்சுதுன்னு எனக்கு எப்பவும் தெரியப் போறதில்ல. அவனுக்காவது தெரிஞ்ச மாதிரி இருக்கட்டும்."

"நான் அவனுக்கு எழுதிச் சொல்லிடுவேன்."

"சொன்னா நான் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சொல்லவில்லை. அவரை இழக்க எனக்கு மனசில்லை.

நாலு வருடம் ஆகிறது. அவனிடமிருந்து ஒரு போன் இல்லை. அக்காவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்து எடுத்தார்கள், இன்னொன்றிலும் விழுகிறது. நான் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவேன். பேச்சு என்றால் நான்தான் பேசுவேன், வழக்கம்போல.

போன மாதம் எங்கள் பழைய மேலாளர் அந்த நாட்டுக்குப் போய்விட்டு வந்தார். தம்பியைப் பார்த்தாராம். நல்ல நிலைமையில் இருக்கிறானாம். மேப் அவனுடைய அலுவலகத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறதாம். அதை வைத்து இரண்டு கிணறு துளைத்திருக்கிறார்கள், ஒன்றிலும் எதுவும் வரவில்லை, மூன்றாவது நடக்கிறது என்றார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவன்தான் முதல் வகுப்பு எடுக்கிறானாம். என்ன சொல்லிக் கொடுக்கிறான் என்று கேட்டேன். மேலாளர் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"சொந்தக்காரங்க பாத்த கல்ல நம்பாதீங்க, பாசத்துல கூசாம பொய் சொல்லுவாங்கன்னு சொல்றான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். இப்போதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, தெரிகிற கண்ணால் என்னைப் பார்த்தார். தம்பி சொன்னதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"ரெண்டு கிணறும் வறண்டுடுச்சா?"

"ஆமாக்கா."

"எந்த நிறத்துல போட்டாங்களாம்? மஞ்சள்லயா?"

"மஞ்சள்லதான் போடுவாங்க, வேற எதுல?"

அவர் எழுந்து கூடத்துக்குப் போய், மேப் இருந்த சுவருக்கு எதிரே நின்றார்.

"அந்த மஞ்சள்ல ஒண்ணாவது சரியா இருக்கணுமேடி" என்றார்.